வாசகர் கேள்வி – பதில்: ஹோம் தியேட்டரில் தூரமும் தாமதமும்

கேள்வி: மேல்மாடி ஹாலில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கரும், தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) பொருத்தியிருக்கிறோம். கதவுக்கு வழி விட வேண்டியிருப்பதால் சோஃபா நடுவில் இல்லாமல் சற்று இடப்புறம் தள்ளிக் கிடக்கிறது. அமரும் இடத்திலிருந்து டேப் பிடித்து அளந்ததில் இடது முன் ஸ்பீக்கர் 9 அடி, நடு ஸ்பீக்கர் 10 அடி, வலது முன் ஸ்பீக்கர் 12 அடி, இடது சரவுண்ட் (பின்பக்க ஸ்பீக்கர்) 4 அடி, வலது சரவுண்ட் 7 அடி என்று வந்தது. பொருத்த வந்தவரோ, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவரில் எல்லாவற்றுக்கும் 10 அடி என்று போட்டுவிட்டு, "இது போதும்" என்று சொல்லிப் போய்விட்டார். போதுமா? இந்த எண்களைக் கொண்டு ரிசீவர் என்னதான் செய்கிறது?
– காரைக்குடி வாசகர்

பதில்: போதாது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போடுவதும் எந்த எண்ணையும் போடாமல் விடுவதும் ஒன்றுதான்.

ரிசீவரின் பட்டியலில் "அடி" அல்லது "மீட்டர்" என்று காட்டப்பட்டாலும், உள்ளே அது நேரமாகத்தான் கணக்கிடப்படுகிறது. நம் ஊர் வெப்பநிலையில், 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்லும். அதாவது ஓர் அடியைக் கடக்க 0.87 மில்லி விநாடி ஆகும். உங்கள் வலது முன் ஸ்பீக்கரின் ஒலி 12 அடி கடந்து வர 10.5 மில்லி விநாடி எடுக்கும்போது, இடது சரவுண்டின் ஒலி மூன்றரை மில்லி விநாடியிலேயே காதை எட்டிவிடுகிறது. ஊர்வலத்தில் பின்தங்கியவர்கள் வந்து சேரும்வரை முன்னால் போனவர்கள் நின்று காத்திருப்பதைப் போல, ரிசீவர் மிகத் தொலைவில் உள்ள ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றைத் தாமதப்படுத்துகிறது. உங்கள் அளவுகளின்படி 12 அடி ஸ்பீக்கருக்குத் தாமதம் இல்லை. நடு ஸ்பீக்கருக்கு 1.7 மில்லி விநாடி, இடது முன் ஸ்பீக்கருக்கு 2.6, வலது சரவுண்டுக்கு 4.4, இடது சரவுண்டுக்கு 7 மில்லி விநாடி என்று தாமதம் சேர்க்கப்படும். அப்போதுதான் ஐந்தும் ஒரே நேரத்தில் உங்கள் காதுக்கு வந்து சேரும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். ரிசீவருக்கு வேண்டியது தூரங்களுக்கு இடையேயான வித்தியாசம் மட்டுமே. எல்லா எண்களோடும் இரண்டிரண்டு அடி கூட்டிப் போட்டாலும் கேட்பதில் எந்த மாற்றமும் இராது. ஒன்றே ஒன்றில் இரண்டு அடி பிசகினால் மாற்றம் உண்டு.

சில மில்லி விநாடிகள் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் ஹெல்மட் ஹாஸ் என்பவர் 1949-இல் தம் ஆய்வேட்டில் காட்டியது இது: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சுமார் 5 முதல் 30 மில்லி விநாடி இடைவெளியில் வந்தால், காது அவற்றை இரண்டாகப் பிரிக்காமல் ஒன்றாகவே கேட்கிறது, திசையை மட்டும் முதலில் வந்ததற்குக் கொடுத்துவிடுகிறது. பின்னால் வருவது 10 டெசிபல் வரை உரக்க ஒலித்தாலும் முதலில் வந்ததே திசையைத் தீர்மானிக்கிறது. ஆகவே முன்னாலும் பின்னாலும் சேர்ந்து ஒலிக்கும் மழையோ கூட்டத்தின் ஆரவாரமோ, உங்கள் வீட்டில் இப்போது திரையிலிருந்து வராமல் 4 அடியில் இருக்கும் அந்த இடது சரவுண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். ஒலியைக் குறைத்து இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் பலர். அப்படிச் செய்தால் சரவுண்ட் இருந்தும் இல்லாததாகிவிடும். அளந்த எண்களை உள்ளபடியே போடுங்கள். அதன்பின் சோதனை ஒலியை ஓட்டி, ஐந்தும் ஒரே அளவில், வழக்கமாக 75 டெசிபல் அளவில், கேட்கின்றனவா என்று தனியாகச் சரிபாருங்கள். தூரம் வேறு, ஒலியளவு வேறு. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சரிக்கட்ட இயலாது.

கேள்வி: ரிசீவருடன் வந்த மைக்கை வைத்துத் தானியங்கி அளவீடு செய்தேன். மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் நான் டேப்பில் அளந்த எண்ணோடு அரை அடிக்குள் ஒத்துப்போகின்றன. சப்வூஃபர் மட்டும் 9 அடியில் இருக்க, ரிசீவர் 15 அடி என்று காட்டுகிறது. மூன்று முறை செய்தும் அதே எண். 9 என்று திருத்திவிடலாமா?
– கோட்டையூர் வாசகர்

பதில்: திருத்தாதீர்கள். கருவி சரியாகத்தான் சொல்கிறது. உங்கள் டேப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு பொருள்களை அளக்கின்றன.

சப்வூஃபருக்குள் அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையரும், மேல் அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டியும், இப்போது பெரும்பாலானவற்றில் ஒரு டிஜிட்டல் செயலியும் இருக்கின்றன. மின்சைகை உள்ளே நுழைந்து ஒலியாக வெளியே வருவதற்குள் இவை சில மில்லி விநாடிகளை எடுத்துக்கொள்கின்றன. மைக்கிற்கு அந்தத் தாமதம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஒலி எப்போது வந்து சேர்ந்தது என்பது மட்டுமே தெரியும். கூடுதலாக ஆன 5.2 மில்லி விநாடியை அது 6 அடியாக மாற்றி உங்களிடம் காட்டுகிறது. இப்போது ரிசீவரைப் பொறுத்தவரை சப்வூஃபர்தான் மிகத் தொலைவில் இருப்பது. மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் அதற்காகக் காத்திருக்கும்படி அது ஏற்பாடு செய்திருக்கிறது.

9 என்று நீங்கள் திருத்தினால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பெரும்பாலான ரிசீவர்களில் முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் எல்லை 80 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் ஒரு முழு அலைவுக்கு 12.5 மில்லி விநாடி. பாதி அலைவுக்கு 6.25. சப்வூஃபர் 5.2 மில்லி விநாடி பின்தங்கினால், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே தள்ளும் நேரத்தில் சப்வூஃபரின் கூம்பு கிட்டத்தட்டப் பின்னே இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், தவிலின் தொப்பி அடி வெறும் தட்டலாகத் தேய்ந்து கேட்கும். சப்வூஃபர் சரியில்லை என்று எண்ணி அதன் ஒலியைக் கூட்டுவீர்கள். அப்போது மிகக் கீழே உள்ள அதிர்வு மட்டும் சன்னல் கண்ணாடியை உலுக்கும், தவில் மீளாது.

அளவீட்டைத் தொடங்குவதற்கு முன் சப்வூஃபரின் பின்புறம் உள்ள அலைவரிசைத் திருகை உச்சத்தில் வையுங்கள். ஒலி அலையை முன்பின் நகர்த்தும் 'ஃபேஸ்' திருகு பூஜ்யத்தில் இருக்கட்டும். பிறகு இவற்றைத் தொட்டால் அளவீட்டை மறுபடி செய்ய வேண்டும். மேலும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால், முன் ஸ்பீக்கரும் சப்வூஃபரும் சேர்ந்து ஒலிக்க 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட்டிவிட்டு நீங்கள் வழக்கமான இடத்தில் அமர்ந்துகொள்ளுங்கள். வேறொருவர் சப்வூஃபர் தூரத்தை 15-இலிருந்து ஓர் அடி கூட்டியும் குறைத்தும் பார்க்கட்டும். எந்த எண்ணில் ஒலிமானி அதிகம் காட்டுகிறதோ அதுவே உங்கள் எண். கைபேசிச் செயலிகள் தாழ்ந்த அலைவரிசையில் உண்மையான டெசிபலைக் காட்டாவிட்டாலும், எது கூடுதல் எது குறைவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அவை போதும். கம்பியில்லா இணைப்புக் கொண்ட சப்வூஃபர் என்றால் தாமதம் இன்னும் மிகும். முடிந்தவரை கம்பியையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஐயா ஊஞ்சலில் ஆடிக்கொண்டேதான் படம் பார்ப்பார்கள். அப்பத்தா கீழே ஜமுக்காளத்தில் அமர்ந்துகொள்வார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நாற்காலியில். மைக்கை யாருக்காக வைப்பது?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: ஐயாவுக்காகவே வைக்கலாம். அது மரியாதைக்காக மட்டும் சொல்வதன்று. ஊஞ்சல் நடுவில் தொங்குவதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடும்போது இடது, வலது முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே அளவாகவே நெருங்கி, ஒரே அளவாகவே விலகுகின்றன. ஆகவே அவற்றுக்கு இடையேயான பொருத்தம் கெடுவதில்லை. ஓர் அடி முன்னால் வரும்போது முன் ஸ்பீக்கர்களுக்கும் சரவுண்டுக்கும் இடையே அதிகபட்சம் இரண்டு அடி அளவுக்கு, அதாவது 1.7 மில்லி விநாடி, பிசகு ஏற்படும். படம் பார்ப்பவருக்கு இது தெரியப்போவதில்லை. பக்கவாட்டில் ஆடும்படி ஊஞ்சல் திரும்பியிருந்தால் கதை வேறு. முன் ஸ்பீக்கர்கள் இருபுறமும் 30 டிகிரிக் கோணத்தில் இருக்கும்போது ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்தாலே இரண்டுக்கும் இடையே ஓர் அடி வித்தியாசம் வந்துவிடும். ஒரு மில்லி விநாடியை நெருங்கும் அந்த வித்தியாசமே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் கேட்க வேண்டிய குரலை அருகில் உள்ள ஸ்பீக்கரின் பக்கம் இழுத்துவிடப் போதுமானது. பக்கத்து நாற்காலிகளில் அமரும் பிள்ளைகளுக்கும் நேர்வது இதுவே. வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் வைத்திருப்பது இவர்களுக்காகத்தான். அதைக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்பத்தாவைப் பற்றிக் கவலை வேண்டாம். காது ஓர் அடி தாழ்ந்திருப்பதால் 10 அடித் தொலைவில் ஏற்படும் வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. ஸ்பீக்கரின் உயர் அலைவரிசைப் பகுதி அவர்கள் தலைக்கு மேலே போய்விடாமல் முன் ஸ்பீக்கர்களைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் போதும்.

அளவீட்டின்போது ஊஞ்சற்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் கேமராவுக்கான முக்காலியை நிறுத்தி, ஐயாவின் காது உயரத்தில் மைக்கைப் பொருத்துங்கள். கையில் பிடிப்பதோ நாற்காலியின் முதுகில் சாய்த்து வைப்பதோ கூடாது. ஆடிஸி போன்ற தானியங்கி அளவீட்டு முறைகளில் முதல் இடத்து அளவைக் கொண்டுதான் தூரங்கள் முடிவாகின்றன. பின்னர் வைக்கும் இடங்கள் ஒலியின் தன்மையைச் சமன்செய்ய மட்டுமே பயன்படுகின்றன. ஆகவே ஊஞ்சல் முதலில், பிள்ளைகளின் நாற்காலிகள் பிறகு. மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். கோயிலில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தால் அது ஓயும்வரை பொறுத்திருங்கள்.

கேள்வி: எங்களுடையது பழைய வளவு வீடு. 30 அடி நீளம், 14 அடி அகலம், 16 அடி உயரம் உள்ள ஹாலில் திரையை நீளவாக்கின் ஒரு கோடியில் வைத்திருக்கிறோம். ஒரு பக்கம் முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர். மறுபக்கம் முற்றத்தை நோக்கித் திறந்த தேக்குத் தூண்கள். தரை ஆத்தங்குடிக் கல். வசனம் மண்டபத்தில் பேசுவதைப் போல் அதிர்கிறது. தாமதத்தில் என்ன எண் போட்டால் இந்த எதிரொலி அடங்கும்?
– தேவகோட்டை வாசகர்

பதில்: எந்த எண்ணும் அடக்காது. தாமத அமைப்பு ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி எப்போது வர வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். அந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வருவதை அதனால் தடுக்க முடியாது. இதைச் சொல்லாமல் விலையுயர்ந்த ரிசீவரை விற்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஹாலுக்கு வேண்டியது துணியும் பஞ்சும்.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். பளிங்குபோன்ற அந்தப் பூச்சும் கல் தரையும் ஒலியைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி அனுப்புகின்றன. தரைக்கும் கூரைக்கும் இடையே ஒருமுறை போய்வர 32 அடி, அதாவது 28 மில்லி விநாடி. இரண்டு கோடிச் சுவர்களுக்கும் இடையே போய்வர 60 அடி, 52 மில்லி விநாடி. ஹாஸ் சொன்ன 30 மில்லி விநாடிக்கு உள்ளே வருவதைக் காது நேர் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. 52 மில்லி விநாடி கழித்து வருவதைச் சேர்த்துக்கொள்ள இயலாமல் தனி எதிரொலியாகக் கேட்கிறது. வசனத்தின் ஓர் எழுத்து முடிவதற்குள் முந்தைய எழுத்து திரும்பி வந்து அதன்மேல் விழுகிறது. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது திரைக்கு எதிரே உள்ள கோடிச் சுவர். அதில் மடிப்பு மடிப்பாகத் தடித்த திரைச்சீலை தொங்கவிடுங்கள். சுவரை ஒட்டித் தொங்குவதைவிட அரை அடி தள்ளித் தொங்குவது நன்றாக உறிஞ்சும். அடுத்தது, திரைக்கும் இருக்கைக்கும் இடையே உள்ள தரை. கோரைப் பாய் இதற்குப் பயன்படாது. தடித்த கம்பளம் வேண்டும். பிறகு திண்டு, மெத்தை, பஞ்சு இருக்கைகள்.

மெத்தையையா மருந்தாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1890-களில் வகுப்புகள் நடத்த முடியாதபடி எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற வாலஸ் சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கைத் திண்டுகளை இரவில் கொண்டுவந்து பரப்பி, திண்டு கூடக் கூட ஒலி எவ்வளவு விரைவாக அடங்குகிறது என்று அளந்துதான் இந்தத் துறையின் முதல் கணக்கையே கண்டார். ஒலி உறிஞ்சுதலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அலகு என்ன தெரியுமா? திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்பி வருவதில்லை என்பதால், திறந்த பரப்பை முழு உறிஞ்சுதலாக வைத்துக்கொண்டார். அந்தக் கணக்கில் பார்த்தால் முற்றத்தை நோக்கித் திறந்திருக்கும் உங்கள் தூண் வரிசை, வீடு கட்டியவர்கள் உங்களுக்கு விட்டுச்சென்ற பெரும் உதவி. மழைச் சாரலுக்காக அங்கே கண்ணாடி அடைப்புப் போடும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து கைவிடுங்கள். மூங்கில் தட்டி போதும்.

திறப்பினால் ஒரு சிறு தொல்லையும் உண்டு. சுவர்ப் பக்கத்து ஸ்பீக்கருக்குச் சுவர் துணை நிற்பதால் அது சற்று உரக்கக் கேட்கும்; முற்றத்துப் பக்கத்து ஸ்பீக்கர் மெலிந்து கேட்கும். இதைத் தூரத்தை மாற்றிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஒலியளவில் ஒன்றிரண்டு டெசிபல் கூட்டிக் குறைத்தால் சரியாகிவிடும்.

தூண்களையும் கவனியுங்கள். சரவுண்ட் ஸ்பீக்கருக்கும் மைக்கிற்கும் நடுவே தேக்குத் தூண் மறைத்தால், நேராக வரும் ஒலி மங்கி, சுவரில் பட்டு வருவதையே கருவி முதல் ஒலி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். டேப்பில் 8 அடி இருக்கும் ஸ்பீக்கருக்கு 13 அடி என்று காட்டினால் காரணம் பெரும்பாலும் இதுதான். சப்வூஃபருக்கு நான் மேலே சொன்னது இங்கே பொருந்தாது. இங்கே டேப்பை நம்பலாம். ஆனால் அதைவிடவும், அமர்ந்த இடத்திலிருந்து ஸ்பீக்கர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு முழம் நகர்த்தி வைப்பதே மேல்.

கேள்வி: உதடு முதலில் அசைகிறது, குரல் பின்னால் வருகிறது. ஸ்பீக்கர் தூரங்களைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. சில சமயம் ஒரே வசனம் இரண்டு முறை கேட்கிறது.
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: ஒரே வசனம் இரண்டு முறை கேட்டால், தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரும் ரிசீவரும் ஒருசேர ஒலிக்கின்றன என்று பொருள். தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் உள் ஸ்பீக்கரை நிறுத்திவிடுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதித் தொல்லை இந்த ஒரு பொத்தானில் தீர்ந்துவிடுகிறது.

உதட்டசைவுக்கும் ஸ்பீக்கர் தூரத்துக்கும் தொடர்பில்லை. ஸ்பீக்கர் தூரம் ஒரு ஸ்பீக்கரை இன்னொன்றோடு பொருத்துவது. உதட்டசைவு எல்லா ஸ்பீக்கர்களையும் சேர்த்துப் படத்தோடு பொருத்துவது. அதற்கு ரிசீவரில் 'லிப் சிங்க்' அல்லது 'ஆடியோ டிலே' என்று தனி அமைப்பு இருக்கிறது. ஆனால் அதனால் ஒலியைத் தாமதப்படுத்த முடியுமே தவிர முன்னுக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் வீட்டில் குரல்தான் பிந்துகிறது என்பதால், முதலில் அந்த எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். ஒலி புளூடூத் வழியாகப் போகிறதென்றால் கம்பிக்கு மாற்றுங்கள். இரண்டும் செய்தும் பிந்தினால், செட்-டாப் பெட்டியை முதலில் ரிசீவரில் இணைத்து அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகத் தொலைக்காட்சிக்குப் படத்தை அனுப்புங்கள். அப்போது தொலைக்காட்சி படத்தைச் செப்பனிட எடுக்கும் நேரத்தில் குரல் முந்திவிடக்கூடும். முந்தினால் தாமத எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தினால் 125 மில்லி விநாடி வரை உணர்வதில்லை. இடியும் மின்னலும் பார்த்துப் பழகிய நமக்கு, ஒலி பின்னால் வருவது இயல்புதானே.

சோதிக்கும்போது செய்தி வாசிப்பவரைப் பார்த்துச் சோதியுங்கள். மொழிமாற்றுப் படத்தைப் போட்டு எண்ணைத் திருகிக்கொண்டிருந்தால் விடியும்வரை பொருந்தாது.

கேள்வி: தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கும் அட்மாஸ் வசதிக்காகக் கூரையை நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர்களை வாங்கலாமா? எங்கள் முகப்பு ஹாலின் கூரை 16 அடி. பர்மா தேக்கு உத்தரங்கள் வரிசையாக உள்ளன.
– ஆத்தங்குடி வாசகர்

பதில்: வேண்டாம். அவை ஒலியைக் கூரையில் மோதவிட்டு உங்கள்மேல் இறக்க வேண்டியவை. அதற்குத் தட்டையான, தாழ்ந்த கூரை தேவை. 14 அடிக்கு மேற்பட்ட கூரைக்கு, அட்மாஸை உருவாக்கிய டால்பி நிறுவனமே இவற்றைப் பரிந்துரைப்பதில்லை. உத்தரங்கள் ஒலியை நாலா பக்கமும் சிதறடித்துவிடும். சுவரில் உயரத்தில் சிறு ஸ்பீக்கர்களைச் சாய்த்துப் பொருத்தி, அவற்றுக்குக் காதிலிருந்து சாய்வாக அளந்த தூரத்தைக் கொடுங்கள். தரையில் கிடைமட்டமாக அளந்தது சரிவராது. உத்தரத்தில் ஆணி அடிக்கும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பின் ஸ்பீக்கருக்கு 60 அடி கம்பி ஓடுகிறது. கம்பியின் நீளத்துக்கும் தாமதம் சேர்க்க வேண்டுமா? கத்திரி வெயிலில் மறுபடி அளக்க வேண்டுமா?
– புதுவயல் வாசகர்

பதில்: இரண்டுக்கும் வேண்டியதில்லை. 60 அடிக் கம்பியை மின்சைகை ஒரு மில்லி விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். வெயிலைப் பொறுத்தவரை, ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரியில் அளந்துவிட்டு 40 டிகிரியில் படம் பார்த்தாலும், 8 அடி வித்தியாசத்துக்கு ஏற்படும் பிசகு இரண்டு அங்குலத்துக்குள்தான். ஆனால் 60 அடிக்கு மெல்லிய கம்பி போட்டிருந்தால் ஒலி இழப்பு உண்டு, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாக மாற்றுங்கள், மாற்றும்போது கூட்டல், கழித்தல் முனைகள் இரண்டு பக்கமும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.